அரைப்பேர்

எனக்குச் சந்தேகப் புத்தி கொஞ்சம் அதிகம். பல்கலைக்கழகத்தில் எங்கள் இந்திய மாணவர் கழகத் தேர்தல் நெருங்கியபோது அது முற்றிப்போனது. தலைவர் பதவிக்கு நானும் நின்றேன். செயலாளர் மாலதியும் நின்றாள். அவள் பீடோங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். கூட்டத்தில் யார் எழுந்து போனாலும் நிமிர்ந்து பார்ப்பாள். உடனே ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதுவாள்.

"நம்மள வேவு பார்க்குறா லா," என்று நண்பனிடம் சொன்னேன்.

ஒருநாள் அவள் வெளியே போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தேன். என் பெயருக்கு நேரே 'அரைப்பேர்' என்று எழுதியிருந்தது. என்னை அரை ஆள் என்கிறாளா? அவள் திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் கத்தினேன். "யாரைப் பார்த்து அரைன்னு எழுதுற?"

மாலதி மிரண்டுபோனாள். "ஐயோ, அது வருகைப் பதிவு அண்ணே. எங்க தோட்டத்துல பாதி நாள் வேலை செஞ்சா அரைப்பேர்னு போடுவாங்க. போன கூட்டத்துல நீங்க பாதியிலயே போயிட்டீங்கல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏற்கெனவே ரெண்டு கூட்டம் நீங்க வரல. மூணாவதும் வரலைன்னு போட்டா எலெக்‌ஷன்ல நிக்க முடியாது லா."

நோட்டை மூடி அவளிடம் நீட்டினேன்.

பாதியில் எழுந்து எங்கே போனேன் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. அவளுக்கு எதிராக ஓட்டுச் சேர்க்கத்தான் போயிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு அரைப்பேர்கூட அதிகம்.