அருளையாவின் பழைய ரேமினல்

உடுவிலில் வாடகைக்கார் ஓட்டிய அருளையாவின் கார்ப் பற்றரிக்கு, சண்டையால் கரண்ட் இல்லாத அந்த வருசங்களில் இன்னொரு வேலையும் இருந்தது. பின்னேரச் செய்திக்கு அதில்தான் ரேடியோ பாடும். தினமும் பற்றரி முனையைக் கவ்வியிருக்கும் ரேமினலைத் தளர்த்தி ரேடியோ வயரைச் செருகுவார். நாளைக்கும் கழற்றத்தானே வேண்டும் என்று, திரும்ப நட்டை இறுக்குவதை எப்போதோ விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு யோகநாதன், மனைவிக்கு வலி கண்டதென்று ஓடி வந்த அன்று கார் முனகக்கூட இல்லை. பொனற்றைத் திறந்து பார்க்காமலே, "ரேமினல் உக்கிப் போச்சு தம்பி" என்று வாயில் வந்ததைச் சொன்னார் அருளையா. அவளை உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிப் போனார்கள். பிள்ளை வழியிலேயே, வெங்காயச் சாக்குகளின் மேல் பிறந்தது.

அவர்கள் போன பிறகுதான் பொனற்றைத் திறந்தார். ரேமினல் கையோடு வந்தது. அதில் அரிப்போ வெடிப்போ இல்லை; நட்டுத்தான் இறுக்காமல் கிடந்தது.

தாயும் பிள்ளையும் சுகமாக வீடு திரும்பினார்கள். மூன்றாம் நாள் யோகநாதன் வந்தான். சுன்னாகத்தில் கடை கடையாக அலைந்து வாங்கிய புது ரேமினல் அவன் கையில் இருந்தது.

"இன்னொருத்தருக்கு இப்பிடி வரக்கூடாது அண்ணை. பூட்டுங்கோ."

அருளையா சுடுதண்ணீர் ஊற்றி முனையைக் கழுவினார். சாம்பல் தொட்டுத் தேய்த்துத் துடைத்து, புதியதைப் பூட்டி, கை வலிக்க இறுக்கி, கிறீஸ் பூசினார். கார் உடனே ஸ்ரார்ட் ஆனது.

"பாத்தியளே, உதுதான் பிழை" என்றான் யோகநாதன்.

"ஓம்" என்றார் அருளையா, பழையதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டே.