விரிசலில் ஒட்டிய கண்ணாடி

ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து வெறுத்துப்போய், சுரங்கப்பாதை வேண்டும் என்று சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி. கேட்டபடியே வேலையை ஆரம்பித்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணைக் குடையக் குடைய, பக்கத்திலேயே இருந்த எங்கள் அடுக்களைச் சுவரில் விரிசல் விட்டது.

வேலையை மேற்பார்வை பார்த்த மலையாளி என்ஜினியர் வந்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.

“பேடிக்காதீங்க சேச்சி. உடைஞ்சா மட்டும் என்னை விளிச்சாப் போதும்” என்றார்.

பயம் போகவா இதை ஒட்டினார்? அதன்பிறகு எனக்குச் சமையலே ஓடவில்லை. பள்ளத்தின் மேல் ரயில்கள் ஊர்ந்துதான் போயின. கடைசிப் பெட்டி கடக்கும்வரை கரண்டியும் கையுமாகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணவரிடம் கெஞ்சினேன். அவருக்குச் சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை. கடையை விட்டு எங்கும் நகர மாட்டார்.

“கண்ணாடி உடையட்டும், அன்னைக்கே போலாம்” என்றார்.

ஒருநாள் விடாத மழை. பள்ளத்தில் மண் சரிந்ததாக யாரோ சொல்ல, காய்கறிப் பையோடு வீட்டுக்கு ஓடினேன். அவர் கடையிலிருந்து எனக்கு முன்பே வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏன் இப்படிப் பயந்து சாகுத? பாரு, கண்ணாடி அப்படியே இருக்குல்லா!”

கீறல்கூட இல்லை. நிம்மதியாகத் தொட்டுப் பார்த்தேன். ஈரச் சிமெண்ட் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.