தனக்குத்தானே எதிர்க்கட்சி

"இல்ல கலந்தர், நீங்க சொல்றது பிழை!" என்று தன்னையே அதட்டிக்கொண்டு மெஷினை மிதிக்கிறார் கலந்தர். மாத்தளை திருகோணமலை வீதியில் அந்தத் தையல் கடையைத் தாண்டிப் போகிற புதியவர்கள், உள்ளே இரண்டு பேர் சண்டை பிடிப்பதாக எண்ணி நின்று பார்ப்பார்கள். இருப்பது ஒரே ஆள். அதுவும் வாயில் நாலு குண்டூசியோடு.

பின்னேரம் சாலிஹின் தேத்தண்ணிக் கடைக்கு அரசியல் பேசப் போகுமுன் இது அவர் வழக்கம். எதிராளி சொல்லப்போவதை எல்லாம் அவன் குரலிலேயே முதலில் சொல்லிப் பார்ப்பார். "அவன்ட பக்கத்த அவனவிட நான் நல்லாப் பேசணும். அதுக்குப் பொறகும் என்ட பக்கம் நின்டாத்தான் கடைக்குப் போவேன்" என்பார். தன்னிடமே தோற்றுவிட்டால் நேரே வீட்டுக்குத்தான். மனைவி ஹிதாயா அவர் முகத்தைப் பார்த்ததும், "இன்டக்கும் தோத்துட்டீங்களா?" என்று சோற்றை எடுத்து வைப்பாள்.

ஒரேயொரு கொள்கையை மட்டும் அவர் இப்படி விசாரித்ததே இல்லை. படித்தவனுக்கு மட்டும்தான் வோட்டு என்பது அது. எழுத்துத் தெரியாதவர்களும் போடட்டும் என்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைக்கிறார்களே, அதைச் சொல்லியே சிரிப்பார். "நெறத்தப் பாத்துப் போடுறதெல்லாம் ஒரு வோட்டா?"

இந்தத் தேர்தல் நெருங்கியதும் எங்கள் வாசிகசாலையில், எல்லோருக்கும் வோட்டு வேண்டுமா என்று விவாதம் வைத்தோம். வேண்டும் என்று பேசப் பள்ளிக்கூடத்து நல்லையா மாஸ்டர், வேண்டாம் என்று பேச கலந்தர். நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிய காரியதரிசி அடியேன்தான். இரத்தோட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

கலந்தரைக் கூட்டிப் போகக் கடைக்குப் போனேன். உள்ளே வழக்கமான சத்தம்.

"எழுத்துத் தெரிஞ்ச கலந்தர், போன தேர்தல்ல நீங்க பச்சப் பெட்டியில போட்டீங்களே, ஏன்?"

மெஷின் நின்றுவிட்டது. மறுபடியும் அதே கேள்வி, மெதுவாக. கடைசியில், "கொடிக்கு" என்றார்.

என்னைக் கண்டதும் மறைக்கவில்லை. "பச்சக்காரரு நூறு கொடி தைக்கத் தந்தாரு தம்பி. நோட்டீஸ் எல்லாத்தையும் நான் வாசிச்சேன். மஞ்சக்காரரு சொன்னதுதான் சரின்னு பட்டிச்சி. ஆனா போட்டது பச்சைக்கு. எனக்கு முன்னுக்கு நின்ட தோட்டத்துப் பொம்பள மாரியாயி, மகளுக்கு இஸ்கோல் வேணும்னு சொல்லிட்டே மஞ்சப் பெட்டிக்குப் போனாங்க. அவங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது."

"அப்ப கூட்டத்துக்கு வரமாட்டீங்களா?" என்றேன். உண்மையைச் சொன்னால், அவர் மனச்சாட்சியைவிட என் நோட்டீஸ்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"தோத்த நாளையில நான் போறதில்லையே. போய் உள்ளதச் சொன்னா, பச்சக்காரரு இந்த முற தாரதாச் சொன்ன கொடி வேலையும் போயிரும்." குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார். பிறகு கோட்டை மாட்டினார். "போகாட்டி, நாளைக்கும் இதே பொய்யத்தான் பேசுவேன். வாங்க."

மண்டபம் நிரம்பியிருந்தது. பின்வரிசையில் பச்சைக்காரரின் ஆட்களும் இருந்தார்கள். கலந்தர் எழுந்து, கொடி விஷயத்தை ஒன்றும் விடாமல் சொன்னார். "வோட்ட வித்தவன் படிச்ச நான்தான். இந்தப் பக்கம் பேச எனக்கு வாயில்ல" என்று முடித்தார். நான் பயந்து பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அவரோ தலைச்சுமையை இறக்கி வைத்தவர் போல முகம் தெளிந்து உட்கார்ந்தார்.

நல்லையா மாஸ்டர் எழுந்தார். கையில் நாலு பக்கக் குறிப்பு. ஜெயித்தாகிவிட்டது, நன்றி சொன்னால் போதும். ஆனால் மனுஷன் குறிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எல்லாருக்கும் வோட்டு வேணும்னு பேசத்தான் வந்தேன். போன தேர்தல்ல என் சம்சாரத்துக்கு எந்தப் பெட்டின்னு நான்தான் சொல்லி அனுப்பினேங்க. அவ மனசுல என்ன இருந்திச்சின்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, மண்டபமே சிரித்தது. பச்சைக்காரரின் ஆட்களும்தான். கேலிச் சிரிப்பல்ல, அவரவர் பெட்டி அவரவருக்கு ஞாபகம் வந்த சிரிப்பு. அப்பாடா என்று எனக்கும் மூச்சு வந்தது. மாஸ்டர் மட்டும் நெற்றி வேர்த்து, உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார். கலந்தர் தமக்கென்று உடைத்து வைத்திருந்த சோடாவை, வாய் வைக்காமலே, மேசையின் அந்தப் பக்கத்துக்கு நகர்த்திவிட்டார்.