மாடி வீட்டில் ஆறு மீன்கள்

இருபத்திரண்டு வருஷம் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் மினி பஸ் ஓட்டியவர் திருமலை. வாய் ஓயாத மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடியில் பின்னால் பார்த்து, யார் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கியாயிற்று, யார் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே வருவார். ஓடிவரும் ஆளைக் கண்டும் நிற்காமல் போனது கிடையாது. கண்டக்டர் விசில் கொடுத்தாலும், தானும் ஒருதரம் "போலாம், போலாம்" என்று சொன்னால்தான் அவருக்கு வண்டி நகரும்.

போன வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, டயரில் காற்றுப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "போலாம்", முதுகு அரித்தாலும் "போலாம்", மனைவி கஸ்தூரியைக் கூப்பிட நினைத்தாலும் "போலாம்". சில பேருக்கு இப்படி ஆகும், பழகிய சொல் ஒன்று மட்டும் நின்றுவிடும் என்றார் டாக்டர். திருமலைக்குத் தலைக்குள் எல்லாச் சொற்களும் இருந்தன. உதட்டுக்கு வந்து சேரும்போது எல்லாம் அந்த ஒன்றாகிவிட்டன.

திருவண்ணாமலையில், திண்டிவனம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். படிக்கட்டு குறுகலானது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மேலே ஏற்றினார்கள். அதற்குப் பிறகு இரண்டே முறைதான் அவர் கீழே இறங்கித் தெருவைப் பக்கத்தில் பார்த்தார்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் மதிவதனிதான் மீன்தொட்டியை வாங்கிவந்தாள். "நாள் பூரா சுவத்தையே பாத்துனு இருக்காருமா. எதுனா அசையிறது கண்ணு முன்னால இருக்கட்டும்" என்று சொல்லி, கட்டிலுக்கு எதிரே பழைய தையல் மிஷின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறு கோல்டு ஃபிஷ். ஐந்து நல்ல செம்மஞ்சள், ஒன்று வெளிறியது, வால் கொஞ்சம் கிழிந்தது.

முதல் வாரம் திருமலை கண்டுகொள்ளவில்லை. மீன் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன குழந்தையா என்ற கோபம். பிறகு ஒரு நாள், அதில் ஒன்று இரை விழும் முன்பே கஸ்தூரியின் வளையல் சத்தத்துக்கு மேலே வருவதைக் கவனித்தார். மறுநாள், இன்னொன்று எப்போதும் இடப்பக்கமாகவே வளைந்து திரும்புவதைக் கண்டுபிடித்தார். அப்புறம் அவர் கண் தொட்டியைவிட்டு எடுபடவில்லை. தடம் மாறாமல் போகிற வண்டியைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றின் போக்கையும் தெரிந்துகொண்டார். சாயங்காலம் கஸ்தூரி இரையை அவருடைய இடது உள்ளங்கையில் வைப்பாள். அவர் கையைத் தூக்கித் தொட்டிமேல் உதறுவார். பாதி வெளியே கொட்டும். நாளில் அவர் தானாகச் செய்யும் காரியம் அது ஒன்றுதான்.

மாசி போய்ப் பங்குனி வந்ததும் வெயில் ஏறியது. மேலே வெறும் காங்கிரீட் தளம். பகல் பூராவும் மலையும் தளமும் வாங்கிவைத்துக்கொண்ட சூடு, பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் இறங்கும். மீன்கள் இரையை விட்டுவிட்டு, ஆக்சிஜன் மோட்டார் குமிழி விடுகிற மூலையில் ஒண்டிக்கொள்ள ஆரம்பித்தன.

கஸ்தூரி செங்கம் ரோட்டில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜுபைரிடம் போய்க் கேட்டுவந்தாள். கேட்டதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தாள்.

"இந்த மீனுக்கு சூடே ஆவாதாம். நம்ம ஊரு வெயிலுக்கு இத வாங்கியே இருக்கக்கூடாதுன்றாரு. மூடிய எடுத்துட்டு, டேபிள் ஃபேன தண்ணி மேல படுறாப்ல வெக்கணுமாம். லைட்டு போடக்கூடாது, தீனி கம்மி பண்ணணும். பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு, கட்டியானதும் மூடியோட மெதக்க விடணும். ஐஸ அப்டியே கொட்டிட்டா செத்துடுமாம். கரண்டு போச்சுனா சொம்புல மொண்டு மொண்டு ஒசரத்துலருந்து ஊத்தினே இருக்கணும். சூடு ஜாஸ்தியானா தண்ணில காத்து நிக்காதாம்."

திருமலை கேட்டுக்கொண்டார். ஒவ்வொன்றையும் மனதில் வாங்கி வரிசையாக அடுக்கிக்கொண்டார், எஞ்சின் சூடானால் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொண்ட நாட்களைப் போல. செய்யத்தான் கை இல்லை.

கஸ்தூரி எல்லாம் செய்தாள். கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. காலை எட்டரைக்குப் போனால் திரும்ப ஆறாகிவிடும். போகும் முன் ஒரு பாட்டிலை மிதக்கவிடுவாள், ஃபேனைத் திருப்பிவைப்பாள். பகல் பன்னிரண்டுக்குக் கீழ்வீட்டு ராணியம்மாள் வந்து திருமலைக்குச் சோறு ஊட்டிவிட்டு, பாட்டிலை மாற்றிப் போடுவார். தொட்டியில் ஒட்டிய தெர்மாமீட்டர் காலையில் இருபத்தொன்பது காட்டும், மாலையில் முப்பத்துமூன்று. "இன்னைக்கு ஒண்ணு கம்மிதாங்க" என்று கஸ்தூரி சொல்கிற நாளில் இருவருக்கும் சோறு இறங்கும்.

அக்னி நட்சத்திரம் பிறந்து எட்டாம் நாள் சித்ரா பௌர்ணமி. ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. லாட்ஜில் லீவு கேட்க முடியாது. கஸ்தூரி விடியும் முன்பே எழுந்து சமைத்து, அவரைத் துடைத்து, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பாட்டிலையும் ஃபேனையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

"சாயந்தரம் ஆட்டோ விடமாட்டாங்க. நடந்து வர லேட்டாவும். பயப்படாதீங்க இன்னா" என்றாள்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று. ஃபேன் சுழற்சி தளர்ந்து நின்றது. அதைவிடச் சின்னதாக இன்னொரு சத்தமும் நின்றதைத் திருமலை கேட்டார். குமிழிச் சத்தம். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று காத்திருந்தார். வரவில்லை. கால் மணியில் முதல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு இரண்டாவது. ஒற்றைக் கையால் தள்ளினால் நாற்காலி சுற்றுமே தவிர முன்னே போகாது. பன்னிரண்டு மணிக்கு ராணியம்மாள் சோற்றுக் கிண்ணத்தோடு படியேறியபோது ஆறும் மேலேதான் இருந்தன.

திருமலை இடது கையைத் தொட்டிப் பக்கம் நீட்டினார். "போலாம், போலாம்."

"தோ, பாட்டிலு மாத்திடறேன் தம்பி. எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார் ராணியம்மாள். அறுபது தாண்டியவர், நல்ல மனுஷி. ஃப்ரீசரிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து போட்டார். மீன்கள் விலகி, மறுபடி மேலே வந்தன.

"போலாம்." கையை உயர்த்தி, ஊற்றுவதுபோலச் சாய்த்துக் காட்டினார்.

"தண்ணி வோணுமா?" ராணியம்மாள் தம்ளரை அவர் உதட்டில் வைத்தார். திருமலை தலையைத் திருப்பிக்கொண்டார். "பாத்ரூம் வருதா? அதுவும் இல்லியா?" ராணியம்மாள் யோசித்தார். மெல்ல அவர் முகம் தெளிந்தது. "ஓ. கிரிவலம் போற ஜனங்கள பாக்கணுமா. அதான் போலாம் போலாம்ன்றியா. கீழ எறக்க என்னால ஆவாது தம்பி. ஜன்னலாண்ட வெச்சுட்றேன், பாரு."

சோற்றை ஊட்டி முடித்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் ஜன்னலைப் பார்க்க நிறுத்தினார். உருண்டுவிடக் கூடாதே என்று இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டார். "வேடிக்க பாத்துனு இரு. அக்கம்பக்கத்துல கரண்டு இல்ல, எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போனார்.

வெளியே, பௌர்ணமிக்குப் போட்ட தற்காலிக பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜனங்கள் சாரிசாரியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் ஈரத்துண்டு, இடுப்பில் பிள்ளை, கையில் தண்ணீர் பாட்டில். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. திருமலையின் முதுகுக்குப் பின்னால் தொட்டி இருந்தது. மீன்கள் மேல்தண்ணீரில் வாய் வைத்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. சின்னச் சின்னதாக, விட்டுவிட்டு.

கத்தினார். "போலாம், போலாம்." தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்து, மேலே இருப்பவரும் ஏதோ பக்தியில் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். கீழேயிருந்து ராணியம்மாளின் குரல் வந்தது: "ஆங், போலாம் தம்பி. கஸ்தூரி வரட்டும், போலாம்."

இடது பிரேக் அவருக்கு எட்டியது. அதை நெம்பித் தள்ளவே வெகுநேரம் பிடித்தது. வலது பிரேக் எட்டவில்லை. குறுக்கே உடம்பைச் சாய்த்தால் விழுந்துவிடுவார். விழுந்தால் எழுப்ப ஆள் இல்லை. இடது சக்கரத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளினார். நாற்காலி கிறீச்சென்று முக்கால்வாசி திரும்பியது. இன்னும் தள்ளினார். கட்டில் காலில் முட்டி நின்றுவிட்டது. சக்கரத்துக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே விரல்முட்டி சிக்கித் தோல் உரிந்தது.

இப்போது தொட்டியின் பாதி தெரிந்தது. நான்கடி தூரம். மேசையில் தொட்டிக்குப் பக்கத்திலேயே சொம்பு இருந்தது. மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தை செய்யும் வேலை. பிரேக் பிடிக்காத வண்டியை ஒருமுறை சோமாசிபாடி பக்கம் வயலுக்குள் இறக்கி நாற்பது பேரைக் கீறல் இல்லாமல் காப்பாற்றியவர் அவர். அந்தக் கை இது இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. வளையல் சத்தத்துக்கு வருகிற மீன் முதலில் பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவர் மூடிக்கொள்ளவில்லை. பார்ப்பதற்காவது ஒரு ஆள் இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, குமிழி வந்தது. அந்தக் குமிழி பட்டு, மிதந்தவை ஓரத்துக்கு நகர்ந்தன.

கஸ்தூரி வரும்போது ஆறரை. வெளிச்சம் இன்னும் இருந்தது. கூட்டத்தில் நடந்துவந்த களைப்பில் செருப்பை உதறியவள், முதலில் நாற்காலி கோணலாக முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பிறகு அவருடைய கையில் காய்ந்த ரத்தத்தை. பிறகு தொட்டியை. நான்கு மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. இரண்டு, அந்த வெளிறியதும் இடப்பக்கம் திரும்புவதும், மோட்டார் மூலையில் அடியில் கிடந்தன.

நாற்காலியை விடுவித்து, அவர் கையைக் கழுவி மஞ்சள் வைத்தாள். மீன்களை எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தபோதுதான் கேட்டாள்.

"பாத்துனே இருந்தீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். என்ன வரும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டார்.

ராணியம்மாள் விஷயம் தெரிந்து மேலே வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். "அந்தப் புள்ள கைய காட்டினே இருந்துது கஸ்தூரி. நான் மூதேவி, ஜன்னலாண்ட திருப்பி வெச்சுட்டுப் போயிட்டேனே" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கஸ்தூரி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். திருமலைக்கு அவர்மேல் கோபம் இல்லை. கோபம் யார்மேல் என்று தேடினால் ஆள் கிடைக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஜுபைர் கடை திறக்கும் முன்பே வந்து பார்த்தார். தண்ணீரில் விரலை வைத்தார், தளத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"யக்கா, இந்த ரூம்ல இதுங்க ஆனி வரைக்கும் தாங்காதுக்கா. கீழ மாடிப்படிக்கு அடியில வெயிலே படாத எடம் இருக்குதுல்ல. வாய் அகலமான மண்தொட்டில விட்டுடுங்க. கரண்டு போனாக்கூட கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்."

"கீழ வெச்சா இவரு எப்படிப் பாக்கறது?"

ஜுபைர் திருமலையைப் பார்த்தார். கஸ்தூரியும் பார்த்தாள். திருமலை தொட்டியைப் பார்த்துவிட்டு, இடது கையால் வாசல் பக்கம் காட்டினார். கொண்டுபோங்கள் என்று.

படிக்கு அடியில் மண்தொட்டி வைத்தார்கள். ராணியம்மாள் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்; கரண்ட் போனால் கோணியை நனைத்துச் சுற்றுவார், சொம்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். கஸ்தூரி வேலையிலிருந்து வந்ததும் முதலில் அங்கே குனிந்து பார்த்துவிட்டுத்தான் படியேறுவாள். செல்போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். மேலிருந்து பார்த்தால் இருட்டுத் தண்ணீரில் இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. எது எதுவென்று அவருக்கு அடையாளம் பிடிபடவில்லை. மறுநாள் போனை நீட்டியபோது அவர் கையால் விலக்கிவிட்டார்.

அக்னி முடிய நான்கு நாள் இருக்கும்போது கஸ்தூரி படியேறி வந்த நடையே சரியில்லை. பொய் சொல்லலாமென்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பாள். அவளுக்கு அது வராது.

"வெளிறினது இருக்குதுங்க. இன்னொண்ணு இல்ல."

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எதிரே மேசையில் காலியாக இருந்த தொட்டியைப் பார்த்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் நின்ற கோடு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஆனி கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. தளம் குளிர்ந்ததும் கஸ்தூரி தொட்டியைக் கழுவித் தண்ணீர் பிடித்துவைத்து, மூன்று நாள் கழித்து அந்த வெளிறிய மீனை மேலே கொண்டுவந்து விட்டாள். வாலின் கிழிசல் பெரிதாகியிருந்தது. அது கொஞ்ச நேரம் அடியிலேயே கிடந்துவிட்டு, பிறகு மெதுவாகச் சுற்றிவர ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய தொட்டியில் அது ஒன்றுதான். திருமலை நாற்காலியில் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிவதனி போன் செய்தாள். பேசி முடித்துவிட்டுக் கஸ்தூரி சொன்னாள்: "ஒண்டியா இருக்குதே, இன்னும் அஞ்சு வாங்கி விடட்டுமானு கேக்கறா. சூட்டத் தாங்குற மீனும் இருக்குதாம். வாங்கலாமா?"

திருமலை இடது கையை விரித்து, இல்லையென்று இரண்டுதரம் ஆட்டினார். கஸ்தூரி இரை டப்பாவைத் திறந்து, நான்கைந்து மணிகளை மட்டும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.