அரசி மிஸ் காட்டோரம் கொண்டுவந்த கந்தோர்

அரசி மிஸ் காலமான செய்தி வந்தபோது, ஒரு விவசாயிக்கு அவருடைய காணியின் எல்லையை வரைபடத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா விடிய நித்திரையிலையே போயிட்டா, அண்ணை" என்று மிஸ்ஸின் மகள் தொலைபேசியில் சொன்னார். என் முகத்தைப் பார்த்த விவசாயி, எழுந்து தன் கதிரையை என் பக்கம் நகர்த்தினார்.

நாங்கள் அரசி மிஸ் என்று கூப்பிட்ட திருமதி மங்கையர்க்கரசி புளியங்குளத்தில் பிறந்தவர். எங்கள் காணிக் கந்தோரின் பொறுப்பதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குக் கீழ் கோப்பு எழுதும் இலிகிதராக வேலை செய்தவன் நான்.

அவர் பொறுப்பேற்றபோது கந்தோர் நகரத்து மாடிக் கட்டடமொன்றில் இருந்தது. நாங்கள் கவனிக்கவேண்டிய அரச காணிகளோ மாங்குளத்துக்குக் கிழக்கே, காட்டோரக் கிராமங்களில் கிடந்தன. சனங்கள் முதல் பஸ் பிடித்து வருவார்கள். இடத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம் என்று அனுப்பிவிடுவோம். பார்க்கப் போவதற்கு எங்களுக்கு வாகனம் கிடைப்பதே அபூர்வம்.

ஒரு கூட்டத்தில் மிஸ் எழுந்து நின்றார். "காணி எழும்பி இஞ்சை வராது, சேர். நாங்கள்தான் எழும்பிப் போகவேணும்."

"அங்கை யானை வரும், மிஸ்" என்றார் மேலதிகாரி.

"யானையும் காணிப் பிரச்சினையோடைதான் வருது, சேர்."

மேலதிகாரியே சிரித்துவிட்டார். ஆனாலும் அனுமதி கிடைக்க நெடுநாள் சென்றது. கடைசியில், கிராமமொன்றில் பூட்டிக் கிடந்த பழைய கூட்டுறவுச் சங்கக் கடைக் கட்டடம் எங்களுக்குக் கந்தோரானது. எங்களில் சிலர் முணுமுணுத்தோம். மிஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வௌவால் எச்சத்தைக் கழுவத் தொடங்கியதும் முணுமுணுப்பு நின்றது.

அங்கே போன முதல் மாரியில் ரசீத் நானாவும் முத்தையா அண்ணனும் சண்டையோடு வந்தார்கள். ரசீத் நானா இடம்பெயர்ந்து நெடுங்காலத்தின் பின் ஊர் திரும்பியவர். அவருடைய காணியில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய முத்தையா அண்ணன் தோட்டம் செய்துகொண்டிருந்தார்.

"அந்தக் கிணறு என்ட வாப்பா வெட்டினது, மிஸ்."

"தென்னையெல்லாம் நாங்க வெச்சதுங்கம்மா. இனி எங்கதான் போறது?"

மிஸ் குடையை எடுத்தார். "வாங்கோ, நடந்துகொண்டே கதைப்பம்."

நாங்கள் நால்வரும் சேற்றில் நடந்தோம். கிணற்றுக் கட்டில் ரசீத் நானாவின் தகப்பனாரின் பெயர் சீமெந்தில் எழுதப்பட்டிருந்தது. முத்தையா அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். வேலிக்கு அப்பால், எங்கள் வரைபடம் காடு என்று சொன்ன இடத்தில், பற்றைப் புதர்களுக்கிடையே பழைய வயல் வரம்புகள் தெரிந்தன.

"இது காடில்லையே!" என்றார் மிஸ்.

அந்த வரம்புகளைக் காட்ட, வன அதிகாரிகளைத் திரும்பத் திரும்ப அழைத்துவந்தார். அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு அந்தத் துண்டு முத்தையா அண்ணனுக்குக் கிடைத்தது. கிணற்றோடு பழைய காணி ரசீத் நானாவிடம் திரும்பியது. புதுத் துண்டில் வைக்கும் தென்னைகள் காய்க்கும்வரை பழைய மரங்களின் காயை முத்தையா அண்ணனே பறிக்கட்டும் என்று ரசீத் நானா தானாகவே சொன்னார். அன்றைய பின்னேரம் மிஸ் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தார். "நீரிழிவுக்கு இண்டைக்கு லீவு" என்றார்.

ஓய்வுபெறும்போது பிரியாவிடையை நகர மண்டபத்தில் வைக்கக் கேட்டார்கள். "என்னை வழியனுப்ப நான் ஏன் ரவுணுக்குப் போகவேணும்?" என்று மறுத்துவிட்டார். சங்கக் கடை முற்றத்தில் பாய் விரித்து, எல்லோருமாகச் சோறு சாப்பிட்டோம்.

செத்தவீட்டுக்குக் காட்டோரக் கிராமங்களிலிருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் சனம் வந்தது. மறுநாள் துக்கத்துக்காகக் கந்தோரைப் பூட்டுவோமா என்று எங்களுக்குள் கதைத்ததை மகள் கேட்டுவிட்டார்.

"வேண்டாம், அண்ணை. தெரியாமல் வாற ஆக்கள் திரும்பிப் போவினம். அம்மாவுக்கு அது பிடிக்காது."

மறுநாள் காலை கதவைத் திறந்தோம். வாய்க்கால் தன் காணியை அரிக்கிறது என்று ஒரு தாய் படியில் காத்திருந்தார். வெயில் ஏற முன்னரே அவரோடு புறப்பட்டோம்.

நிம்மதியாக உறங்குங்கள், மிஸ். நாங்கள் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்.