மூன்று முறை ஊதினால்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது என் குரல் போயிருந்தது. குரல் நாணுக்குப் போகும் நரம்பு ஒன்று செயலிழந்துவிட்டது, ஆறு மாதத்தில் சரியாகலாம் என்றார் டாக்டர். சரியாகவில்லை. காற்று கலந்த ஒரு கிசுகிசுப்புதான் மிச்சம். அதுவரை நான் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். குரலை வைத்துச் சம்பாதித்தவள். என்னை பைல் அறைக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு நானே வேலையை விட்டேன்.

அதன் பிறகு கடைக்குப் போனால் கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து, "மேடத்துக்கு என்ன வேணும் சார்?" என்பார். காதும் கேட்காது என்று நினைத்துச் சிலர் என்னிடம் கத்துவார்கள். எனக்குக் கோபம் வரும். அதைக் காட்டத்தான் சத்தம் இல்லை.

2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன். முந்தின நாள் வேலைக்குப் போன கணவரால் திரும்ப முடியவில்லை. எங்கள் வீட்டுக்குத் தரைத்தளம் மட்டும்தான். மொட்டை மாடிக்குப் போகும் படி வெளியே இருக்கிறது. காலையில் வாசலில் நின்ற தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் உள்ளே இடுப்பளவு வந்துவிட்டது. வாசல் கதவு அசையவில்லை. போனை அலமாரியில் வைத்திருந்தேன். அலமாரியே சாய்ந்துவிட்டது. சமையல் மேடை மேல் ஏறி நின்றேன். அங்கிருந்த ஜன்னல் பின்பக்கத்துக் காலி மனையைப் பார்த்து இருந்தது.

மதியம் தெருவில் படகு வந்தது. "உள்ள யாராச்சும் கீறீங்களா? சவுண்டு குடுங்க" என்று ஒருவர் கூப்பிட்டார். எங்கள் கேட்டில் துடுப்பு இடித்த சத்தம்கூடக் கேட்டது. வாயைத் திறந்து முழு பலத்தோடு கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

"இங்க யாரும் இல்லப்பா. அடுத்த வூட்டப் பாரு."

படகு போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. நான் இங்கே இருக்கிறேன், என்னை இல்லை என்று சொல்ல இவர்கள் யார் என்றுதான் தோன்றியது. மிதந்து வந்த எவர்சில்வர் தட்டை ஒரு கையில் பிடித்து, கரண்டியால் தட்ட ஆரம்பித்தேன். தட்டினேன், நிறுத்தினேன், மறுபடியும் தட்டினேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு அதே படகு திரும்பி வந்து, பின் ஜன்னல் கம்பியை அறுத்து என்னை வெளியே எடுத்தது.

படகை மறுபடியும் என் வீட்டுக்கு அனுப்பியவள் இரண்டு வீடு தள்ளி மாடியில் குடியிருந்த தையல்காரி. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள் தைத்த ரவிக்கைதான். பிறகு ஒருநாள் சொன்னாள்: "மொதல்ல ஏதோ பாத்திரம் மிதந்து செவுத்துல இடிக்குதுன்னுதான் நெனச்சேன் அக்கா. அப்புறம் பார்த்தா அது நின்னு நின்னு வருது. தண்ணி அப்படி தட்டாதே, யாரோ தட்றாங்கன்னு புரிஞ்சுது."

வெள்ளம் வடிந்ததும் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். வீட்டை விற்றுவிட்டு ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் மாடி வீடாகப் பார்த்துப் போய்விடச் சொன்னார்கள். என் கணவரும் தலையாட்டினார். அந்த வீட்டின் செங்கல்லில் பாதி என் சம்பளம். ஒரு காகிதத்தில் "நான் வரமாட்டேன்" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதன் கீழே அவர், "அப்ப அடுத்த மழைக்கு என்ன பண்ணுவ?" என்று எழுதினார். நியாயமான கேள்வி.

தண்ணீர் புகாத மூடி போட்ட ஒரு டப்பா வாங்கினோம். டார்ச், என் மாத்திரைகள், பத்திரங்களின் நகல், கயிறு, பிஸ்கட் என்று எல்லாம் அதில் அடங்கின. மிச்சமிருந்தது சத்தம். போனில் சைரன் ஆப் இருக்கிறது என்றார் கணவர். முதலில் செத்ததே போன்தான் என்று ஞாபகப்படுத்தினேன்.

மேற்கு தாம்பரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் வழக்கம்போல என் கணவரைக் கேட்டார். நான் விசில் டப்பாவை இழுத்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"இன்னா மேடம், வாய் வெச்சுட்டா ரிட்டர்ன் கெடையாது."

"எல்லாத்தையும் எடுத்துக்கறேன்" என்றேன். என் கிசுகிசுப்பைக் கேட்க அவர் குனிய வேண்டியிருந்தது. குனிந்தார்.

உள்ளே உருண்டை உள்ள ஸ்டீல் விசில், உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில், ஸ்டேடியத்தில் அழுத்தும் கேஸ் ஹாரன் மூன்றையும் அங்கேயே வாங்கினோம். சைரன் வைத்த கை ஒலிபெருக்கி ஒன்றும் பழைய ஆட்டோவின் ரப்பர் ஹாரனும் வேறு கடைகளில் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி எடுத்தேன். ஒலிபெருக்கி அதோடு சரி. ஸ்டீல் விசிலில் உருண்டை நனைந்து ஒட்டிக்கொண்டு, கொப்பளிக்கிற சத்தம்தான் வந்தது. பிளாஸ்டிக் விசிலை ஒரு உதறு உதறி ஊதினேன். அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்றது.

ஒரு மழை நாள் வரும்வரை காத்திருந்தேன். வெயிலில் கேட்பதெல்லாம் மழையில் கேட்காது. தையல்காரி தெருக்கோடிக்குப் போய் ஒரு வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நின்றாள். காதில் விழுந்தால் போனில் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. ரப்பர் ஹாரனுக்கு மூச்சே தேவையில்லை, அழுத்தினால் போதும். எனக்கு அதன்மேல்தான் ஆசை. ஆனால் அது பாதித் தெருவைத் தாண்டவில்லை. கேஸ் ஹாரனுக்கு உடனே கால் வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்துகூட ஒருவர் எட்டிப் பார்த்தார். ஆனால் அழுத்த அழுத்த கேஸ் தீர்ந்துகொண்டே வரும், சாயந்திரம்வரை நான் தட்டிய தட்டு மாதிரி உழைக்காது. பிளாஸ்டிக் விசிலுக்கும் கால் வந்தது. ஒரு குரல் நாண் வேலை செய்யாவிட்டாலும் மூச்சு வெளியே வரத்தான் செய்கிறது. விசிலுக்கு அது போதும். அன்று நனைந்துகொண்டே எத்தனை முறை ஊதினேன் என்று தெரியாது. பல வருடம் கழித்து நான் எழுப்பிய சத்தம் தெருக்கோடிவரை போனது.

விசிலை டப்பாவில் வைக்கவில்லை. டப்பா மிதந்து போய்விடலாம். கயிறு கோர்த்துக் கழுத்தில், தாலிச் சங்கிலியோடு மாட்டிக்கொண்டேன்.

"பார்க்க நல்லாவா இருக்கு?" என்றார் கணவர்.

"யார் பார்க்கறாங்க?" என்றேன்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு தெரு சங்கத்தின் கூட்டம் நடந்தது. வீட்டுக்கு ஒரு விசில், கேட்டுக்கு உள்பக்கம் ஆணியில் மாட்ட வேண்டும், ஆபத்து என்றால் மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை ஊத வேண்டும், கேட்டவர்கள் அதே மாதிரி பதில் ஊத வேண்டும். இதை எழுதிக்கொண்டு போயிருந்தேன். தையல்காரி படித்தாள். செயலாளர் சிரித்தார்.

"மேடம், பேனிக் கெளப்பாதீங்க. வீடு வாங்க வர்றவங்க கேட்டுக்கு கேட்டு விசில் தொங்கறதப் பார்த்தா என்ன நெனப்பாங்க? ஏரியா வேல்யூவே போயிடும். அதுவும் உங்களுக்கு வாய்ஸ் பிராப்ளம், அதுக்காக ஊரே ஊதணுமா?"

என்னவோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் அடுத்த பொருளான தெருவிளக்குக்குப் போய்விட்டார். கழுத்திலிருந்த விசிலை எடுத்து மூன்று முறை ஊதினேன். சின்ன ஹால் அது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். செயலாளரின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அமைதியானதும் என் கிசுகிசுப்பிலேயே சொன்னேன். அன்று எல்லோருக்கும் கேட்டது.

"தண்ணி கழுத்துக்கு வந்தா உங்க குரலும் என் குரல் மாதிரிதான் சார் இருக்கும்."

அன்று பதினோரு வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மற்ற வீடுகளுக்கு நானே போய் மாட்டினேன். சிலர் கழற்றி எறிந்தார்கள். மறுபடியும் மாட்டினேன். புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் பால் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்பதோடு இதையும் சொல்லிக் கொடுப்பேன்.

சில வருடம் கழித்து ஒரு டிசம்பர் புயலில் மறுபடியும் தெருவில் தண்ணீர் ஏறியது. காலை நேரம். நானும் கணவரும் தையல்காரியின் மாடிக்குப் போயிருந்தோம். மழை இரைச்சலுக்கு நடுவே கேட்டது. மூன்று. இடைவெளி. மூன்று.

சத்தம் கடைசி வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வாடகைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தனியாக இருப்பவர். வாசல் கேட்டருகே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்து உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. என் கணவரும் தையல்காரியின் கணவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் ஓடிய வேகத்தில் அவர்கள் தெருவைக் கடக்க நேரமாகும் என்று தெரிந்தது.

நான் மாடிச் சுவரோரம் நின்று மூன்று முறை ஊதினேன். பதில் வந்தது, முன்பைவிட வேகமாக. மறுபடியும் ஊதினேன். அவர் ஊதினார். ஒரு தடவை பதில் வர ரொம்ப நேரமானது. நான் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தேன், பதில் வரும்வரை. உதடு மரத்துப்போனது. கயிற்றோடு போனவர்கள் அவரை அடையும்வரை நாங்கள் இருவரும் விடவில்லை.

ஒரு கதவுப் பலகையில் அவரைக் கிடத்தி மெயின் ரோட்டுக்கு இழுத்துப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ராடு வைத்தார்கள். பார்க்கப் போனபோது, "நடுவுல கண்ணு சொருகிடுச்சு. நீங்க விடாம ஊதினப்பதான் கண்ணத் தெறந்தேன்" என்றார். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, நானும் அவரும் தெரு முழுக்க நடந்து ஒவ்வொரு கேட்டிலும் விசிலை எடுத்து ஊதிப் பார்க்கிறோம். தூக்கம் கெடுகிறது என்று புகார் வந்திருக்கிறது. வரட்டும்.