குசினியைச் சுற்றி ஓடிய ஓட்டம்

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வட்டக்கச்சிக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்த இடம் ஊர் விளையாட்டு மைதானம். முன்பெல்லாம் அதில் பந்தடித்தார்களாம், அறுவடை முடிந்தால் நெல் காயவைத்தார்களாம், கோயில் திருவிழாவுக்கு நாடகமும் போட்டார்களாம். நாங்கள் வந்த வருடம் அதன் நடுவில் கொட்டில்கள் போட்டுச் சமைத்தோம், உடுப்புத் தோய்த்தோம், படுத்து எழும்பினோம். எட்டு வயதில், வாசலிலேயே மைதானம் இருந்த அந்த வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் வந்தார். நெடுத்த இளைஞர். கழுத்தில் விசில் தொங்கியது. அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கதைத்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. வருசத்துக்கு ஓட்டப்போட்டி வைக்கவேணும். கொட்டிலுகளைக் கழட்டி அங்காலை போட ஏலுமோ?"

அங்காலை இருந்தது பற்றைக்காடு. பாம்பும் உண்டு. கட்டிய கொட்டிலை இன்னொரு தடவை கழற்றுவதா என்று அம்மா அதைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் தங்கையான என் சித்திதான் அகப்பையோடு குசினிக்குள் இருந்து வெளியே வந்தார்.

"ஓடுறவை சுத்தித்தானே ஓடுறவை? நடுவிடம் உங்களுக்கு என்னத்துக்கு? நாங்கள் நடுவிலை இருக்கிறம். நீங்கள் எங்களைச் சுத்தி ஓடுங்கோ."

செயலாளர் மைதானத்தைப் பார்த்தார். கொட்டில்களைப் பார்த்தார். பிறகு சித்தியை, கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

சுண்ணாம்பு கிடைக்காத காலம். எங்கள் அடுப்புகளில் இருந்து சாம்பல் அள்ளிக் கோடு போட்டார்கள். போட்டியன்று ஊரே வந்து கோட்டுக்கு வெளியே நின்றது. நாங்கள் உள்ளே, கொட்டில் வாசல்களில் இருந்து பார்த்தோம். ஒரு சேவல் குறுக்கே பாய்ந்ததில் இளைஞர்களின் ஓட்டத்தைத் திரும்ப நடத்த வேண்டியிருந்தது.

பெண்கள் ஓட்டத்துக்கு ஆள் காணாது என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "நீ போவன்" என்று அம்மா சித்தியைத் தள்ளிவிட்டார். பள்ளிக்கூட நாளில் சித்தி ஓடிப் பரிசெடுத்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புறப்பட்டார். முதலில் கடைசி. எங்கள் வாசலுக்கு வரும்போது இரண்டாவது. அங்கே தலையைத் திருப்பி, "அக்கா, சோறு பொங்குது!" என்று கத்தினார். அம்மா குசினிக்குள் ஓடினார். சித்தி முன்னால் ஓடினார். சோறு அடிப்பிடித்துவிட்டது. சித்திதான் முதலாவது.

பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. அதைக் கொடுத்த செயலாளர் பிடியை விட மறந்து நிற்க, சித்தி ஒரு இழுப்பு இழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதன்பிறகு கொட்டில்களைக் கழற்றச் சொல்லி ஒருவரும் வரவில்லை.

செயலாளர் மட்டும் வந்தார். "மகளுக்கு நல்ல கால். பழக்கினால் நல்லா ஓடுவா" என்று என்னைக் காட்டி அம்மாவிடம் சொன்னார். அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஒவ்வொரு பின்னேரமும் அவர் விசில் ஊதுவார், நான் ஓடுவேன். மூச்சு வாங்க வந்து நின்றால் அவர் குசினி வாசலில் சித்தியோடு கதைத்துக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்காமலே "இன்னும் ஒரு சுற்று" என்பார். பெரிய போட்டி எதற்கோ என்னைத் தயார்படுத்துகிறார் என்று நம்பினேன். மைதானத்தின் மறுகரையில் ஓடும்போதும் சித்தியின் சிரிப்பு கேட்கும். என் வேகத்தைக் கண்டுதான் சிரிக்கிறார் என்று நினைத்து, இன்னும் வேகமாக ஓடினேன்.